லேஸ் வீட்டுக்குப் பக்கத்து வீடு

எதிர்வீட்டில் இரண்டு நாளாக முகப்பு வேலை நடக்கிறது. நாங்கள் இருப்பது வடலூரை ஒட்டிய ஒரு மனைப்பிரிவு. நெய்வேலியில் ஓய்வு பெற்றவர்களாகப் பார்த்து மனை வாங்கி, வீடு கட்டி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தெரு. எதிர்வீட்டுத் தம்பி மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறவர். கட்டிச் சில வருடங்கள் ஆன வீட்டுக்கு இப்போது ‘எலிவேஷன்’ செய்கிறார். ஜன்னல்களைச் சுற்றிப் படத்துக்குச் சட்டம் போட்டதுபோல ஒரு புடைப்பு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே படிப்படியாக இறங்கும் ஒரு பட்டை. வாசலுக்கு இருபுறமும் எதையும் தாங்காத இரண்டு தூண்கள். எல்லாம் ரெடிமேடு. உள்ளே தெர்மாகோல், மேலே சிமெண்ட் பூச்சு. ஓர் ஆள் ஒரு தூணைத் தோளில் துண்டு போடுவதுபோலப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான்.

“எப்படி சார் இருக்கு?” என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டார்.

“பிரமாதம்” என்றேன். பொய் இல்லை. பிரமாதமாகத்தான் இருந்தது. அதனால்தான் மத்தியானம் ரசம் சாதம்கூட எனக்கு இறங்கவில்லை.

தட்டில் நான் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைக் கோமதி பார்த்தாள். “எதிர்வீட்டைப் பாத்தீங்களாக்கும்” என்றாள். “சும்மா பாத்தேன்” என்றேன். “இந்த மூஞ்சிய நான் முன்னாடியே பாத்திருக்கேன். பாய் வீட்டுல பலகை மாட்டுன அன்னைக்கு இதே மூஞ்சிதான்” என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றினாள்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தாலும் எனக்கு அதே ஞாபகம்தான் வந்திருக்கும். காரணம் ஒரு வாசனை. ஒட்டிய பட்டை பசை காய்வதற்குள் சரிந்துவிடாமல் இருக்க முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்காக அவர்கள் ஏதோ பார்சல் வந்த பெட்டியின் வெளிர்நிறப் பலகையை எங்கள் வாசலுக்கு நேரே வைத்து அறுத்தார்கள். பைன் மரம். கொஞ்சம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் டர்பன்டைன், கொஞ்சம் புதுப் புத்தகம். இந்த மூன்றும் கலந்த அந்த வாசனையில்தான் என் உத்தியோக வாழ்க்கையின் முதல் பாதி கழிந்தது.

நான் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் இருந்தேன். மண் வெட்டும் ராட்சச இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் கடல் கடந்து வரும். ஒரு பல்சக்கரத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கலாம். பலகைகளை ரம்பத்தால் அறுத்தார்களா, வெண்ணெய்க் கத்தியால் வெட்டினார்களா என்று சந்தேகம் வரும். அவ்வளவு வழவழப்பு. உள்ளே வந்த பல்சக்கரம் சுரங்கத்துக்குள் போய்விடும். வெற்றுப் பெட்டிகள் முற்றத்தில் மலையாகக் குவியும். அவ்வப்போது அவற்றைப் பிரித்து, வேண்டும் என்கிற தொழிலாளர்களுக்கு விறகுக்கு என்று கொடுப்பார்கள். எல்லோரும் வாங்குவோம். நிலக்கரிக் கட்டி எளிதில் பற்றாது என்பது நெய்வேலியில் அடுப்பு மூட்டிய எல்லோருக்கும் தெரியும். அடியில் நாலு சிராய் வைத்துக் கொளுத்தினால்தான் அது மனமிரங்கும். ஆகவே வெளிநாட்டுக் காட்டில் பனியில் நின்ற மரங்களை நாங்கள் சிராயாகப் பிளந்து, வெந்நீர் போட்டுக் குளித்தோம். குளியலறைப் பக்கம் முழுவதும் எலுமிச்சை மணக்கும். அதை நான் பெருமையாகக்கூட நினைத்தேன்.

குவார்ட்டர்ஸ் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே வீடு. ஒரே வராந்தா, ஒரே சன்ஷேடு, மஞ்சள் கலந்த ஒரே சுண்ணாம்பு. வேறு பிளாக்குக்குப் போனாலும் அதே வீடு நமக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். ஒருமுறை அறிமுகமில்லாத ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்குள் வந்து, செருப்பைச் சரியான இடத்தில் கழற்றி, பின்புறக் குழாயைத் தேடாமலேயே போய்க் கால் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நான் ஷிப்டுக்குப் போயிருந்தேன். என் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்துக் கோமதி காப்பி கொடுத்திருக்கிறாள். மகன் வீட்டில் மருமகள் என்றுமில்லாத பிரியத்தோடு காப்பி தருகிறாளே என்று அவருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்ததாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நீ யாரும்மா?” என்றாராம். அவருடைய மகன் வீடு அடுத்த தெருவில், இதே இடத்தில் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் தன் வீட்டைத் தன் வீடாக்க என்ன செய்ய முடியும்? கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். காகிதப்பூச் செடியைப் பந்தலில் ஏற்றலாம். நான் செம்பருத்தி வைத்திருந்தேன். அடுக்குச் செம்பருத்தி. ‘செம்பருத்தி வீடு’ என்று யாராவது ஒருநாள் சொல்வார்கள் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் செம்பருத்தி இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஹபீப் பாய் வந்தார். ஊர் மேல்பட்டாம்பாக்கம். சுரங்கத்தில் ஃபிட்டர். அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கக்கூடிய மனிதர். தான் சரி செய்த மோட்டார், தான் கண்டுபிடித்த குறுக்குவழி, தன் கையால் நட்ட முருங்கை என்று காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பிப்பார். டவுன்ஷிப் வழக்கப்படி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஊர் சொல்லிக் கூப்பிடுவார். “இன்னா சங்கரங்கோயிலு, எழுந்தாச்சா?” அவருடைய மனைவி நூர்ஜஹானும் கோமதியும் வேலிக்கு இருபுறமும் நின்று பேசிப் பேசியே வேலியில் ஒரு வளைவு உண்டாகியிருந்தது.

பாய் வீட்டுப் பலகைக்கு நூர்ஜஹான்தான் காரணம். குவார்ட்டர்ஸைப் பார்த்து, “சோப்பு டப்பா மாதிரி கீது” என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.  பாய், விறகுக்கு என்று வாங்கிய பலகைகளை எடுத்துப் பின்கட்டில் அடுக்கினார். நீளமான பலகை ஒன்றின் ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, பென்சிலால் அரைவட்டம் அரைவட்டமாக வரைந்தார். மெல்லிய ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுத்தார். ஒவ்வொரு அரைவட்டத்துக்கு நடுவிலும் ஓர் ஓட்டை. இரண்டு அரைவட்டம் சேரும் இடத்தில் ஒரு சின்ன இலை. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் கொடுத்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, விளிம்பில் மட்டும் பச்சை இழுத்தார். சன்ஷேடு விளிம்பிலிருந்து தொங்கும் அலை அலையான பலகை. ஜன்னலைச் சுற்றிலும் அதே அச்சில் ஒரு சட்டம்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கோமதி அது பொங்கலுக்கு முன்னால் என்பாள். இல்லை. பெரியவள் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், வடலூரில் தைப்பூச ஜோதி பார்த்துவிட்டு வந்த அடுத்த ஞாயிறு. ஜோதிக் கூட்டத்தில் எனக்கு ஒரு செருப்பு தொலைந்துபோய், புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதுச் செருப்போடுதான் நான் பாய் வீட்டு ஸ்டூலில் ஏறி நின்றேன்.

ஆமாம், பலகையின் ஒரு முனையைப் பிடித்தது நானே. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “சங்கரங்கோயிலு, ஒரு கை குடு” என்றால் போகாமல் இருக்க முடியுமா? சன்ஷேடின் விளிம்பில் உளியால் ஓட்டை போட்டு, ஸ்க்ரூ பிடிக்க மரக்கிட்டி அடித்து வைத்திருந்தார். ரசமட்டத்தைப் பலகை மேல் வைத்துவிட்டு, “தூக்கு. கொஞ்சம். போதும். ஐயோ, ரொம்பத் தூக்கிட்டியே. எறக்கு. மூச்சு வுடாத” என்று உத்தரவு போட்டார். நான் மூச்சு விடாமல் நின்றேன். மூக்குக்கு நேரே பலகை. வெள்ளை பெயிண்டையும் தாண்டி அந்த எலுமிச்சை வாசனை வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெட்டி எந்த லாரியில் வந்தது, எந்த வரிசையில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியும். என் கையால் தொட்டு இறக்கிய மரம். அதே நாளில் அதே குவியலிலிருந்து நானும் வாங்கினேன்.

வீட்டுக்குள் வந்தபோது கோமதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நமக்கும் இதே பலகைதானே வந்துச்சு?” என்றாள்.

“ம்.”

“நாம வெந்நி போட்டுட்டோம்” என்றாள். அதில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு ஒரே கூட்டம். மாலையில் நடக்கப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாக நடக்க ஆரம்பித்தார்கள். புதுமணத் தம்பதி ஒன்று அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. உள்பாவாடையில் தைத்த லேஸ் மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒரு பெண் சொன்னதில், அது ‘லேஸ் வீடு’ ஆனது. பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லோருக்கும் அது லேஸ் வீடு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மாமனார் சங்கரன்கோவிலிலிருந்து முதல்முறையாகத் தனியாக வந்தார். பஸ் ஸ்டாண்டில் விலாசம் கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் சொன்னாராம்: “அதா? லேஸ் வூட்டுக்குப் பக்கத்து வூடு. நேராப் போங்க.”

மாமனார் வந்ததும் என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. பக்கத்து வீட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்று, “மாப்ள, உங்களுக்கு இந்த மாதிரி அலாட்மெண்ட் கிடைக்கலியா?” என்றார். கவர்மெண்டே ஒருவருக்கு லேஸ் வைத்தும் ஒருவருக்கு வைக்காமலும் வீடு கொடுத்ததாக அவர் எண்ணம்.

மறுநாள் கேண்டீனில் நான் சொன்னேன்: “பாய் வீட்டுக்குப் பாவாடை கட்டி விட்டிருக்காரு. அடுத்த மாசம் தாவணி போடுவாரு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் பாய் வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் நோன்பு தொடங்கியது. நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் நூர்ஜஹான் வேலியின் அந்த வளைவு வழியாக ஒரு மூடி போட்ட தூக்கில் கஞ்சி கொடுப்பார். என் பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டதும் டம்ளரோடு காத்திருப்பார்கள். முதல் சில நாள் அப்படியே வந்தது. பிறகு ஒருநாள் ஓவர்சியர் சைக்கிளில் வந்து, பாய் வீட்டு முன்னால் காலூன்றி நின்று, மேலே பார்த்தார்.

“பாய், இதெல்லாம் எடுத்துடுங்க. சன்ஷேடுல ஓட்டை போடக் கூடாது. குவார்ட்டர்ஸ்ல மாத்தம் எதுவும் பண்ணக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“யாரு சொன்னது உங்களுக்கு?”

“யாரோ சொன்னாங்க. பேரெல்லாம் கேக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள எடுத்துடுங்க.”

அன்று சாயங்காலம் கஞ்சி வரவில்லை. சின்னவள் டம்ளரை வேலிமேல் வைத்துவிட்டு, இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் பாய் பல் துலக்கும்போது எனக்கு முதுகு காட்டி நின்றார். நான், “பாய்” என்றேன். திரும்பவில்லை. “பாய், நான் சொல்லல.”

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: “நான் உன்ன கேக்கவேயில்லியே. நீ எதுக்குப் பதில் சொல்லிக்கினு வர?”

எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. உண்மையில் நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததும் இல்லை. அந்தப் பலகை விழவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படவில்லை. அது என் வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரிடம் போய் விளக்குவது? பொறாமைக்காரன் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்ட ஒருவன், ‘பொறாமைதான், ஆனால் நான் காட்டிக் கொடுக்கவில்லை’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கேண்டீனில் என்னோடு சேர்ந்து சிரித்தவர்களே, “ஏன்யா அந்தாளு பொழப்புல மண்ணப் போட்ட?” என்றார்கள்.

கோமதி நேரடியாகக் கேட்டாள். “சத்தியமா நீங்க இல்லியே?”

“இல்ல.”

அவள் அரிசி களைந்து முடித்தாள். பிறகு, “அப்படின்னா நீங்களும் ஒண்ணு மாட்டுங்க” என்றாள். “போட்டுக் குடுத்தவன் தன் வீட்டுலயும் அதையே மாட்டுவானா? எடுக்கணும்னா ரெண்டு வீட்டுலயும் சேத்து எடுக்கட்டும்.”

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். என் பேரைக் காப்பாற்ற வழி கிடைத்த சந்தோஷம் பாதிதான். மீதிப் பாதி, பலகை மாட்ட எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்பது. அடுத்த குவியல் பிரித்த அன்றே நீளமான பலகையாகப் பார்த்து வாங்கினேன். பாய் டம்ளரில் வரைந்தார் என்றால் நான் சொம்பில் வரைந்தேன். அலை பெரிதாக இருக்கட்டும் என்று. இலைக்குப் பதில் மாங்காய் போட்டேன். அறுக்க அறுக்க, மாங்காய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காயாக வந்தது. ஒன்று கத்தரிக்காய்.

மாட்டிய அன்று ஒரு முனையில் நான், மறுமுனையில் ஸ்டூல் மேல் கோமதி. என்னிடம் ரசமட்டம் கிடையாது. கண்ணால் பார்த்து ஸ்க்ரூ முடுக்கினேன். இறங்கி வந்து பார்த்தால், வீடே ஒரு பக்கமாகத் தோளை இறக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பாய் தன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோன்பு நேரம். வாய் வறண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடியதுபோல் இருந்தார் என்று சொல்லவேண்டும். திடீரென்று எழுந்தார். வேலியைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல், அந்த வளைவின் மேலேயே காலைத் தூக்கிப் போட்டு இந்தப் பக்கம் வந்தார்.

“யோவ் சங்கரங்கோயிலு, எறக்குய்யா அத. எறக்கு. என்னால பாக்க முடியல.”

“கொஞ்சம்தானே பாய் சாய்வு…”

“கொஞ்சமா? இதுல தண்ணிய ஊத்துனா குறிஞ்சிப்பாடி ஏரிக்குப் போயிடும். இது இன்னாது, கத்தரிக்காயா?”

“மாங்காய்.”

“ஏம்மா கோமதி, எறங்கு நீ. வுழுந்து கிழுந்து வெக்கப் போற. எங்க பலகைய எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான், இந்த நேரத்துல நீங்க இன்னாத்துக்கு மாட்டிக்கினு கீறீங்க?”

கோமதி ஸ்டூலிலிருந்து இறங்காமல் சொன்னாள்: “எடுக்க வர்றவங்க இங்கயும் ஏறட்டும்ணே. உங்களுதுக்கு மட்டும் ஏன் ஏறணும்?”

பாய் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன்.  அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, “நூரு, அந்த ரசமட்டத்த எடுத்துக்கினு வா” என்று கத்தினார். பிறகு, “மூச்சு வுடாம நில்லு” என்றார். நின்றேன். அன்று சாயங்காலம் சின்னவள் டம்ளர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாசக் கடைசியில் ஓவர்சியர் வந்தார். கூடவே வெள்ளையடிக்கிற மேஸ்திரியும் வந்தார். பொங்கலுக்கு அடிக்கவேண்டிய சுண்ணாம்பு அந்த வருடம் மாசிக்குத் தள்ளிப்போயிருந்தது. ஓவர்சியர் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ண எடுக்கச் சொன்னேன். ரெண்டாயிடுச்சே” என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். “அதான் சார் நான் உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். இந்தப் பலகை இருந்தா அடிக்கற மட்டை உள்ள போவாது. சுண்ணாம்பு எப்பிடி அடிக்கறது?”

பாய் திரும்பினார். “நீயா சொன்ன?”

“நான்தாங்க. பின்ன, பலகைமேல சுண்ணாம்பு தெறிச்சா நீங்க என்னத்தானே வைவீங்க?”

பாய் என் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அவர் கை வந்து என் தோளில் விழுந்தது. வலித்தது. நல்ல ஃபிட்டர் கை. மன்னிப்பு என்ற வார்த்தையை நாங்கள் இருவரும் உபயோகிக்கவில்லை. ஓவர்சியரிடம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “ஓட்டை போடாம மாட்டுனா?” ஓவர்சியர் கொஞ்சம் யோசித்து, “ஓட்டை இல்லேன்னா நான் எதுக்கு மேல பாக்கப் போறேன்?” என்றார்.

ஒரே வாரத்தில் பாய் கொக்கி செய்தார். கம்பியை ‘ப’ மாதிரி வளைத்து, முனையில் மரை போட்டு, சன்ஷேடு விளிம்பைக் கவ்வும்படி ஒரு கொக்கி. பழைய ஓட்டைகளைச் சிமெண்ட்டால் அடைத்தாயிற்று. பலகையைச் சட்டை மாதிரிக் கழற்றலாம், மாட்டலாம். சுண்ணாம்பு அடிக்கும் நாளில் கழற்றி மாமரத்தில் சாய்த்து வைத்துவிடலாம். இனிமேல் தெருவில் இரண்டு லேஸ் வீடு. டீக்கடைக்காரர் ‘அந்த லேஸா, இந்த லேஸா’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்பதற்காகவே நான் இரண்டு முறை அந்தக் கடையில் டீ குடித்தேன்.

ஆனால் கொக்கி பரவிவிட்டது. ஓட்டை போடவேண்டாம் என்றதும் வரிசையில் எல்லோருக்கும் ஆசை வந்தது. பாய்க்கும் சொல்லிக்கொடுப்பதில் ஆனந்தம். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் வரிசை முழுக்க அலையும் இலையும் மாங்காயும். தூரத்திலிருந்து பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும். அந்தப் பெரியவர் மறுபடி வந்திருந்தால் மறுபடியும் எங்கள் வீட்டுக்குள்தான் நுழைந்திருப்பார். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பாயும் நானும் இப்போது சமம். எல்லோரும் சமம்.

ஒரு காலையில் எழுந்து வெளியே வந்தால், பாய் வீட்டுப் பலகையைக் காணோம். ஜன்னல் சட்டத்தையும் காணோம். வெறும் மஞ்சள் சுவர். பாய் சாவகாசமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், கழட்டிட்டீங்க?”

“எல்லா வூட்லயும் தொங்கிக்கினு கீது. எனக்கு எதுக்குய்யா?” என்றார்.

அந்த வாரமே அது ‘மொட்டை வீடு’ ஆகிவிட்டது. வரிசையிலேயே லேஸ் இல்லாத ஒரே வீடு. பால்காரரிடம் கேட்டாலும் சொல்வார், தபால்காரரிடம் கேட்டாலும் சொல்வார். நான் பழையபடி பக்கத்து வீடு. அன்று நான் என் பலகையைக் கழற்றியிருந்தால் அவரைப் பார்த்துச் செய்ததாகிவிடும். கழற்றாவிட்டால் கூட்டத்தில் ஒன்று. ஒரு மனிதன் என்னைப் பலகை மாட்டித் தோற்கடித்தான், பலகையைக் கழற்றியும் தோற்கடித்தான். நான் உள்ளே போய் வெந்நீர் அடுப்பை மூட்டினேன்.

அவர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். சில வருடம் கழித்து நானும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வரிசை இப்போது இல்லை. பழசாகிவிட்டதென்று இடித்துவிட்டார்கள். போன வருடம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். பலாமரங்கள் மட்டும் நின்றன. வீடுகள் இருந்தபோதே எதுவென்று தெரியாத இடத்தில், வீடுகள் போனபிறகு எதைக் கண்டுபிடிப்பது? யாரிடமும் ஒரு புகைப்படமும் இல்லை. அந்தப் புதுமணத் தம்பதி எங்கேயோ வைத்திருக்கலாம்.

பாயைக் கடைசியாகப் பார்த்தது வடலூர் பஸ் நிறுத்தத்தில். மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தமாக வீடு கட்டிவிட்டேன் என்றார். முகப்புக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். 

“ஒண்ணும் செய்யல. வெறுஞ்சுவருதான்.”

“ஏன் பாய்? கை சும்மா இருக்காதே உங்களுக்கு.”

“யாருக்காகச் செய்யறது? நீயா பக்கத்துல குந்திக்கினு வவுறு எரியப் போற?” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கடலூர் பஸ்ஸில் ஏறினார்.

அவர் மவுத்தாகிவிட்ட செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. கோமதியும் நானும் போனோம். சொன்னது உண்மைதான், பூச்சு வேலை மட்டும் முடித்த வெறுஞ்சுவர், ஒரு கோடுகூட இல்லை. கோமதி உள்ளே நூர்ஜஹானைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வெளியே நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்கார்ந்தேன். அடுத்த நாற்காலியில் லுங்கியும் முண்டா பனியனுமாக ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்தக்காரராக இருக்கும் என்று நினைத்து, “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி அடுத்த வாசலைக் காட்டினார். “பக்கத்து வூடுங்க” என்றார். “அவுரு வந்த நாள்லேருந்து. தெனம் காலையில பல்லு வெளக்கும்போது எதுனா பேசிக்கினே இருப்பாரு.”

எத்தனை வருடம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததைவிட அதிகம். அந்த மனிதர் மறுபடி அழ ஆரம்பித்தார். ஆறுதலாக அவர் தோளைத் தொட வேண்டியவன் நான், கை எழவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.